நிறம் மாறாத ரத்தக்கட்டு

லீலாவின் இடது கையில், மணிக்கட்டுக்குச் சற்று மேலே இருந்த ரத்தக்கட்டு நிறம் மாறவே இல்லை.

வேறு யாராக இருந்தாலும் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள். ஆனால் சுப்பராயனுக்கு மனைவியின் உடம்பில் இருந்த ஒவ்வொரு தடமும் அத்துப்படி. அறுபது தாண்டியதிலிருந்து அவளுக்கு அப்படித்தான். கதவு நாதாங்கி லேசாக உரசினால் போதும், தண்ணீர்ச் செம்பைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்தால் போதும், அந்த இடம் சிவந்து, மறுநாள் கத்தரிக்காய்த் தோல் நிறத்துக்குக் கறுத்து, ஒரு வாரத்தில் ஓரமெல்லாம் வெளுத்து, கடைசியில் டீக்கறை மாதிரி ஒரு பழுப்பை விட்டுவிட்டு அடங்கும். இந்தத் தடமோ அவளுக்கு உடம்பு முடியாமல் போன அன்றைக்கு வந்தது. குளியலறையில் வழுக்கியவளை அவர்தான் கையைப் பிடித்து இழுத்தார். புரட்டாசி போய் ஐப்பசியும் பாதி போய்விட்டது. அவருடைய நான்கு விரல்களும் அவள் கையில் அன்று பதிந்து மறுநாள் கறுத்த அதே நிறத்தில் அப்படியே இருந்தன.

ரத்தம் உள்ளே நின்றுபோனால்தான் அப்படி இருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. தோன்றியதும் அந்த நினைப்பைத் துரத்திவிட்டார். வாசலில் மழை பிசுபிசுத்துக்கொண்டிருந்தது. ஒரகடம் ரோட்டில் மண் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக முனகிக்கொண்டு போயின. லீலா கட்டிலில் உட்கார்ந்து, காலைத் தொங்கப்போட்டபடி, சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுப்பராயன் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். "உள்ள போ, உள்ள போ" என்று ஊரையே முதுகில் கைவைத்துத் தள்ளிய மனுஷன். முரட்டுக் குரல், அதைவிட முரட்டுக் கை. ஸ்ரீபெரும்புதூர் டாக்டர்தான் அந்தக் கைக்குப் புத்தி சொன்னார்.

"பெரியவரே, வயசானா தோலுக்கு அடியில இருக்கிற கொழுப்பு கரைஞ்சிடும். ரத்தக் குழாய்க்கு மெத்தை இல்லாமப் போயிடும். இளைப்புக்கு இவங்க சாப்பிடற மாத்திரை வேற தோலை இன்னும் மெலிசாக்குது. ஆபத்து ஒண்ணும் இல்ல. பூ மாதிரி பாத்துக்கங்க."

அவர் அதை அட்சரம் பிசகாமல் எடுத்துக்கொண்டார். மேஜை முனைகளில் பழைய வேட்டியைக் கிழித்துச் சுற்றினார். கட்டில் கால்களுக்குச் சாக்கு கட்டினார். அவளைத் தூக்கும்போது விரல்களால் பிடிக்காமல் முழங்கையால் அணைத்துத் தூக்கக் கற்றுக்கொண்டார். அப்படியும் தெரு சும்மா இருக்கவில்லை. கண்டக்டர் பெண்டாட்டியைப் போட்டு அடிக்கிறான் என்று குழாயடியில் பேச்சு. தொண்ணூற்றொன்று மே மாதத்துக்குப் பிறகு ஸ்ரீபெரும்புதூர் போகிற பஸ்ஸையெல்லாம் போலீஸ் நிறுத்திச் சோதித்த நாட்களில், ஒரு கான்ஸ்டபிள் லீலாவின் கைகளைப் பார்த்துவிட்டு அவரைக் கீழே இறக்கி, அவர் வயசுக்குக்கூட மரியாதை தராமல் கேள்வி கேட்டான். அவள்தான் ஜன்னல் வழியாக, "அய்யே, அவரு என்னிய தொடவே பயப்படுவாருப்பா" என்று சொல்லிச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு இப்போது இல்லை. அதுதான் அவரை அரித்தது.

வழுக்கிய அன்றைக்கே அவளுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்துவிட்டு, வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் உயிர் போகவில்லை. கண் விட்டத்தில் குத்திட்டு நின்றது, தொண்டையில் கரகரவென்று சத்தம், பகல் இரவு எந்நேரமும் அதே சத்தம். ஆரணியில் கட்டிக்கொடுத்த மகள் வினோதினி வந்து காலடியில் உட்கார்ந்து அழுதாள். பக்கத்து வீட்டு ரத்தினம்தான் கடைசியில் அவரை வெளியே கூப்பிட்டாள். அந்தத் தெருவில் சாவு வீடென்றால் முதலில் போய் நிற்கிறவள் அவள்.

"அண்ணே, இது மண்ணாசை. அவ பொறந்த வூட்டு நெலத்தைத்தான் கம்பெனிக்காரனுக்கு வித்தீங்களே. வித்ததுலேர்ந்து அதையேதான் பேசிகினு இருந்தா. அந்த நெலத்து மண்ணு ஒரு பிடி எடுத்தாந்து பால்ல கரைச்சு ஊத்து. நிம்மதியா போவட்டும்."

உலகத்தில் எல்லாரும் செய்கிறதுதான். சுப்பராயனுக்கும் தெரியும். ஆனால் அவருக்கு அவள் போக வேண்டாம். அந்தச் சத்தத்தோடு அவள் கிடப்பதையும் பார்க்க முடியவில்லை. அழுதுகொண்டேதான் போனார். நிலத்தை வாங்கிய கம்பெனிக்காரன் சுற்றுச்சுவர் எழுப்பி, பள்ளத்தையெல்லாம் மண்ணடித்து மேடாக்கிக்கொண்டிருந்தான். வாட்ச்மேனிடம் கெஞ்சி உள்ளே போய், கிணறு இருந்த இடம் இதுவாகத்தான் இருக்கும் என்று குத்துமதிப்பாக ஒரு இடத்தில் குனிந்து ஒரு பிடி மண் அள்ளினார். செக்கச் சிவந்த, ஈரமான மண். வீட்டுக்கு வந்து பாலில் கரைத்து, அவள் வாயில் ஊற்றினார். ஊற்றும்போது மனசுக்குள், 'போவாதம்மே' என்று சொல்லிக்கொண்டார்.

கரகரப்பு நின்றது. மூக்கருகே கை வைத்தார், ஒன்றும் இல்லை. வினோதினி அலறினாள். ரத்தினம் விளக்கேற்ற எழுந்தாள்.

அப்போது லீலா கண்ணைத் திறந்தாள். எழுந்து உட்கார்ந்தாள். "பசிக்குது" என்றாள்.

வல்லக்கோட்டை முருகன்தான் காப்பாற்றினான் என்று தெருவே கொண்டாடியது. வினோதினி மொட்டை வேண்டிக்கொண்டு ஆரணிக்குப் பஸ் ஏறினாள். இளைப்பு போன இடம் தெரியவில்லை. அதைவிட ஆச்சரியம், புதுசாக ஒரு ரத்தக்கட்டுகூட வரவில்லை. செம்பு நழுவி அவள் முட்டியில் விழுந்தது, தடமில்லை. கதவிடுக்கில் விரல் மாட்டியது, தடமில்லை, வலிக்கவும் இல்லை போல, அவள் விரலை அங்கேயே விட்டுவிட்டு நின்றாள். "பாத்தியாண்ணே, மேனி எப்டி ஆயிட்டுது!" என்று ரத்தினம் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சுப்பராயனும் சந்தோஷப்பட்டார். ஒரு வாரம் சந்தோஷப்பட்டார்.

பிறகு ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. அவள் சோற்றைப் பிசைந்து வாயில் வைத்தாள், ஆனால் மென்றதாகத் தெரியவில்லை. தட்டை எடுக்கும்போது கட்டிலுக்கடியில் பருக்கை பருக்கையாகக் கிடந்தது. அவள் பக்கத்தில் படுத்தால் ஈர மண் வாடையும், அதற்குள்ளே பழைய விபூதியும் வாடிய சாமந்தியும் கலந்த ஒரு வாடையும் வந்தது. அவளுடைய தோல் ஐப்பசிக் குளிரிலும் பானைத் தண்ணீரைவிடச் சில்லென்று இருந்தது. இதெல்லாம் வியாதிப்பட்ட உடம்பு என்று தேற்றிக்கொள்ளலாம். அவரும் தேற்றிக்கொண்டார்.

தேற்றிக்கொள்ள முடியாத ஒன்று ஒரு மத்தியானம் நடந்தது. வலது பக்கமாக ஒருக்களித்துப் படுத்திருந்தவள் எழுந்து திரும்பினாள். கட்டிலில் அழுந்தியிருந்த வலது கன்னம், காது, கழுத்து, தோள் எல்லாம் நாவற்பழத்தைத் தேய்த்தாற்போல் ஊதாவாக இருந்தது. இடது பக்கம் சுண்ணாம்பு வெளுப்பு. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த ஊதா மெதுவாகக் கீழே இறங்கியது. கன்னத்திலிருந்து கழுத்துக்கு. கழுத்திலிருந்து தோளுக்கு. சாய்த்த குடத்தில் தண்ணீர் ஒரு பக்கமாக ஒதுங்குவதுபோல. சற்று நேரத்தில் முகம் முழுதும் வெளுத்து, தொங்கவிட்ட இரண்டு பாதங்களும் கறுத்துப்போயின.

"இன்னா பாக்கற?" என்றாள் லீலா.

அவள் அவரை ஒருமையில் பேசி அவர் கேட்டதே இல்லை.

அன்று அவர் செய்யக்கூடாத காரியம் ஒன்றைச் செய்தார். அவள் கண் மூடியிருந்தபோது, அவள் கையைத் தூக்கி, அந்த மெல்லிய தோலில் தன் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். பூ மாதிரி பார்த்துக்கொண்ட கை அழுத்தியது. பலங்கொண்ட மட்டும். பழைய லீலாவாக இருந்தால் தோல் கிழிந்தே போயிருக்கும். விரலை எடுத்தார். குழி விழுந்திருந்தது. குழி நிரம்பவில்லை. களிமண்ணில் விரல் வைத்த மாதிரி அப்படியே நின்றது. அவர் நிமிர்ந்தபோது அவள் கண்ணைத் திறந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். எப்போது திறந்தாள் என்று தெரியவில்லை.

மறுநாள் பொழுது சாயும் வேளையில், அவளுக்குத் துணையாக ரத்தினத்தை உட்கார வைத்துவிட்டு, மெயின் ரோட்டு டீக்கடைக்குப் போனார். போன காரணத்தை அவரே தனக்குச் சொல்லிக்கொள்ளவில்லை. மண் லாரி ஓட்டுகிற பலராமன் அங்கே கிளாஸோடு நின்றிருந்தான்.

"வா கண்டக்டரே. இன்னா, பேயறைஞ்ச மாதிரி கீற? வூட்ல சௌக்கியமா?"

"பலராமா, கம்பெனி நெலத்துல அடிக்கிறீங்களே, அந்த மண்ணு எங்கேர்ந்து வருது?"

பலராமன் டீயை ஊதினான். அக்கம்பக்கம் பார்த்தான்.

"எதுக்குக் கேக்கற?"

"சும்மாத்தான்."

"படப்பைப் பக்கம் குவாரியிலேர்ந்துன்னு கணக்கு. மழைல குவாரி ரோடு முழுகிப் போச்சு. மேஸ்திரி, ஏரிக்கரை மேட்டையே வாரிடச் சொல்லிட்டான்."

"எந்த மேடு?"

"உனுக்குத் தெரியாதா? ஊர் இடுகாட்டு மேடுதான். பாட்டன் பூட்டன் காலத்துலேர்ந்து பொதைச்ச எடம். வாரச்சொல்ல ஒண்ணு ரெண்டா வந்துச்சு... இன்னாத்த சொல்றது. பெருசு, சின்னது, பச்சப்புள்ளைங்களதுகூட. வெளிய சொல்லாதே கண்டக்டரே, எம்பொழப்பு பூடும்." அவன் குரலைத் தாழ்த்தினான். "அந்தக் கெணத்துப் பள்ளம் இருந்துச்சே, அத ரொப்பினது முச்சூடும் அந்த மண்ணுதான்."

சுப்பராயன் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். ஒரு பிடி மண். அவள் நிலத்து மண் ஆழத்தில் எங்கேயோ கிடக்க, மேலே கிடந்த ஊரார் பிணக்குழி மண்ணை அள்ளி, பாலில் கரைத்து, போகிற உயிரின் வாயில் ஊற்றியிருக்கிறார். அவள் மண்ணே கிடைத்திருந்தால் ஆசை தீர்ந்து போயிருப்பாள். ஆனால் அந்த மண்ணுக்குள் எத்தனை பேர். எத்தனை பேருடைய தீராத ஆசை. அவர்கள் எல்லாரையும் சேர்த்து அவளுக்குள் ஊற்றிவிட்டு, போகாதே என்று வேறு வேண்டிக்கொண்டார்.

பலராமன் ஏதோ கேட்டான். அவர் காதில் விழவில்லை. எழுந்து நடந்தார்.

தெருவில் திரும்பும்போது கரண்ட் போனது. மழைக்காலத்தில் தினமும் போகிற கரண்ட்தான். ஏரிப் பக்கமிருந்து தவளைகள் ஓயாமல் கத்தின. அவருடைய வீட்டு வாசல் நெருங்க நெருங்க அந்தக் கத்தல் குறைந்து, வாசலில் சுத்தமாக நின்றுபோனது. கதவு திறந்து கிடந்தது. ரத்தினம் தலைவிரிகோலமாக வெளியே ஓடி வந்தாள். காலில் செருப்பில்லை.

"அண்ணே, உள்ள போவாதே!"

"இன்னாச்சு?"

"என்னிய பேர் சொல்லிக் கூப்ட்டா. 'ஏய் ரத்தினம், எனுக்கு ஒரு வாய் கஞ்சி ஊத்தாம வெச்சிருந்தியேடீ'ன்னு கேட்டா. அது லீலா கொரலு இல்லண்ணே. எம் மாமியா கொரலு. அவ செத்து எத்தினி வருசம் ஆவுது! அந்த ஏரிக்கரை மேட்டுலதானே பொதைச்சோம்!"

அவர் கையை உதறிவிட்டு அவள் தன் வீட்டுக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். தாழ்ப்பாள் விழுந்த சத்தம் தெரு முழுக்கக் கேட்டது.

சுப்பராயன் நின்றார். ஓடிவிடலாம். மெயின் ரோட்டில் கடைசி பஸ் இன்னும் போகவில்லை. காஞ்சிபுரம் போய், அங்கிருந்து ஆரணிக்கு மாறி, விடியும்போது வினோதினி வீட்டு வாசலில் நிற்கலாம். கால் திரும்பியும்விட்டது. மானம் மரியாதை எல்லாம் விட்டு, அந்த எழுபது வயது மனுஷன் ஓடத்தான் பார்த்தார்.

"ஏங்க..."

உள்ளேயிருந்து வந்தது. பலவீனமான, இளைப்பு கலந்த குரல். லீலாவின் குரல். வாழ்நாளெல்லாம் அவரைக் கூப்பிட்ட குரல். அதை விட்டுவிட்டு எங்கே போவது?

உள்ளே போனார்.

மாடத்தில் காடா விளக்கு எரிந்தது. சுடர் அசையவில்லை. மண் வாடை மூச்சை அடைத்தது. அவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். ரவிக்கை போடாமல், புடவையை மார்புக்குக் குறுக்கே சுற்றி, வெறும் தோளோடு. முகம் வெள்ளைத் தாள். பாதங்கள் கரி.

"கிட்ட வாங்க" என்றாள். "இருட்டா கீது."

அவர் ஓர் அடி வைத்தார். பாதத்தில் இருந்த கறுப்பு அசைந்தது.

மேலே ஏறியது. கணுக்கால். முழங்கால். புடவைக்குள் மறைந்தது. வயிற்றுக்கு மேலே, தோளில், கழுத்தில் மறுபடி தெரிந்தது. ரத்தம் மேலே ஏறுமா? ஏறியது. ஏறி, துண்டு துண்டாகப் பிரிந்தது. ஒவ்வொரு துண்டும் ஓர் உள்ளங்கை. ஒவ்வொரு உள்ளங்கைக்கும் ஐந்து விரல்.

அடித்த கை வெளியிலிருந்து பதியும். இவை உள்ளேயிருந்து.

தோலுக்கு அடியில் உள்ளங்கைகள் அழுந்தின. பெரிய கை ஒன்று தோளில். எலும்பும் தோலுமான கிழட்டுக் கை ஒன்று கழுத்தில். விரல் குறைந்த கை ஒன்று விலாவில். கதவைத் தட்டுகிறவர்கள் மாதிரி, அழுத்தின, எடுத்தன, வேறிடத்தில் அழுத்தின. அந்த மெல்லிய தோல் மேடிட்டது. மேடிட்டு வெளுத்தது. கிழியப்போகிறது என்று அவர் கண்ணை மூடினார். கிழியவில்லை. அதுதான் இன்னும் கொடுமையாக இருந்தது.

"லீலா," என்றார். மறுபடி, "இன்னாம்மே."

அவள் கண்ணில் தண்ணீர் திரண்டது. அந்த வெளுத்த முகத்தில் கண் மட்டும் அவளுடையதாக இருந்தது. சந்தேகமே இல்லை. அவள்தான்.

"நான் போவணுங்க," என்றாள் லீலா. "வுட மாட்டேன்றாங்க. ஒவ்வொருத்தரா என்னியப் புடிச்சிகினு நிக்கிறாங்க. எடம் பத்தல. மூச்சு முட்டுது."

அவர் அழுதார். நெஞ்சு வெடிக்க அழுதார். பயந்துகொண்டேதான் பக்கத்தில் உட்கார்ந்தார். மண்ணை ஊற்றியது அவர். போகாதே என்றது அவர். கையை நீட்டி அவள் கையைப் பிடித்தார். குளிர் எலும்புவரை போனது.

அவள் உள்ளங்கைக்குள் ஏதோ திரும்பியது.

சின்னது. மிகச் சின்னது. அவள் தோலுக்கு அந்தப் பக்கமிருந்து பொடி விரல்கள் ஐந்து ஒவ்வொன்றாக மடங்கி, அவருடைய ஆள்காட்டி விரலைச் சுற்றிப் பிடித்தன. பால் குடிக்கிற பிள்ளை பிடிப்பதுபோல இறுக்கமாக.

இழுத்தார். வரவில்லை.

"ஏங்க," என்றாள் லீலா. அவள் நெஞ்சு ஒரு தரம் ஏறி இறங்கியது. எத்தனையோ நாளைக்குப் பிறகு ஒரு முழு மூச்சு. "லேசா கீதுங்க."

அவர் அவள் தோளைப் பார்த்தார். அந்தப் பெரிய கை அங்கே இல்லை. கழுத்தில் இருந்த கிழட்டுக் கையும் மங்கிக்கொண்டிருந்தது. கறுப்பெல்லாம் அவள் முழங்கை வழியாகக் கீழே வந்துகொண்டிருந்தது, நெருக்கியடித்துக்கொண்டு, விரல் மேல் விரலாக, பிடித்திருந்த கைகளை நோக்கி.

"இன்னும் கொஞ்ச நேரம் புடிச்சிகினு இருங்க," என்றாள். கெஞ்சினாள். "வுட்டுடாதீங்க."

சுப்பராயன் தன் சட்டைக் கையை மேலே சுருட்டினார். முதுமை சுருக்கிய தோல். நரம்பு தெரிகிற தோல். அதில் ஒரு தடமும் இல்லை. பிறகு முழங்கைக்குக் கீழே, நரைத்த மயிருக்கு அடியில், உள்ளேயிருந்து ஒரு கை மெதுவாக விரல்களை விரித்தது.